தானே மாறும் யந்திர மூளைக்குக் கலுங்கு கட்டுவது யார்?

பங்குனி உத்திரத்தன்று குன்றக்குடி மலையடிவாரத்தில் எள் விழ இடம் இராது. காவடி, பால்குடம், பலூன் வியாபாரம், பஸ் ஹாரன், அத்தனைக்கும் நடுவே நாதசுரம்! சண்முகநாதரைத் தரிசிக்க வந்த ஜனங்களில் பாதிப் பேர் கையில் செல்போன். அவ்வளவு பேரும் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், எடுத்த படத்தை உடனே அனுப்பவும் செய்கிறார்கள்.

படிக்கட்டு ஓரத்தில் ஓர் அப்பத்தா உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவருடைய பேரன் சிங்கப்பூரில் உத்தியோகம் பார்க்கிறான். செல்போன் திரையில் முகத்தைக் காட்டுகிறான்.

"அப்பத்தா, மலை தெரியுதா? கொஞ்சம் காட்டுங்க!"

"காட்டுறேன்டா ராசா. நீ என்ன இப்படிக் கட்டம் கட்டமாத் தெரியுறே? மூக்கு எது, கண்ணு எதுன்னே தெரியலையே!"

"அங்கே கூட்டம் அப்பத்தா. அதான் படம் சரியா வரலை. பேச்சுக் கேக்குதா?"

"பேச்சு பக்கத்துல இருந்து பேசுற மாதிரி கேக்குது."

இந்தச் சம்பாஷணையில் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? படம் கெட்டது. பேச்சுக் கெடவில்லை. அப்பத்தா எந்தப் பொத்தானையும் அமுக்கவில்லை. பேரனும் எதையும் திருகவில்லை. பின்னே இந்த வேலையைச் செய்தது யார்?

செல்போனுக்குள் இருக்கும் மென்பொருள்! பாதை நெருக்கடியாக இருக்கிறது என்பதை அதுவே அளந்து பார்க்கிறது. படத்தின் நுணுக்கத்தைக் குறைக்கிறது. போதவில்லையென்றால் இன்னும் குறைக்கிறது. கூட்டம் கலைந்ததும் பழையபடி பளிச்சென்று காட்டுகிறது. வெளியே நிலைமை மாறினால் உள்ளே தன்னைத் தானே மாற்றிக் கொள்கிறது.

ஆனால் ஒன்று. "படத்தை விட்டாலும் விடு, பேச்சை விடாதே" என்பது மென்பொருளுக்குத் தானாகத் தோன்றிய ஞானம் அல்ல. எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து, சில மனிதர்கள் முன்கூட்டியே செய்த முடிவு அது. முகம் மங்கினால் மனிதன் பொறுத்துக் கொள்வான், குரல் அறுந்தால் பொறுக்க மாட்டான் என்று அவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். எத்தனையோ மாறினாலும் மாறக் கூடாதது ஒன்று உண்டு என்று வரம்பு கட்டி விட்டுத்தான், மற்றதையெல்லாம் யந்திரத்தின் இஷ்டத்துக்கு விட்டார்கள்.

இந்த வகை மென்பொருள் இன்று செல்போனோடு நிற்கவில்லை. விமானத்தில் இருக்கிறது. வாடகைக் கார்க் கட்டணத்தில் இருக்கிறது. வீட்டு வாசலுக்குச் சோற்றுப் பொட்டலம் கொண்டு வரும் பையனின் கூலியில் இருக்கிறது. "ஆஹா, தானே மாறுகிறதே!" என்று எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள். பிளக்க வேண்டியதுதான். ஆனால் அது எதை மாற்றாமல் வைத்திருக்கிறது, அந்த வரம்பைக் கட்டியவர் யார் என்று கேட்பவர்களைக் காணோம்.

நானூறு கஜமும் நாற்பது பிட்டும்

1986-ஆம் வருஷம் அக்டோபர் மாதம். அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிச் சாலைக்கும் கலிபோர்னியா சர்வகலாசாலைக்கும் இடையே கம்ப்யூட்டர் தொடர்பு இருந்தது. இரண்டுக்கும் நடுவே தூரம் 400 கஜந்தான். குன்றக்குடி மலைப் படியில் நின்று கூப்பிட்டால் கேட்கிற தூரம்! வினாடிக்கு 32,000 பிட் என்ற கணக்கில் போய்க் கொண்டிருந்த செய்தி, திடீரென்று வினாடிக்கு 40 பிட்டாக விழுந்து விட்டது. (பிட் என்பது யந்திர மூளையின் மிகச் சிறிய எழுத்து.) கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு பங்கு!

கம்பி அறுந்து போகவில்லை. யந்திரமும் பழுதாகவில்லை. நடந்தது வேறு. பாதையில் நெருக்கடி ஏற்பட்டதும், அனுப்பிய செய்தித் துண்டுகள் வழியிலேயே தொலைந்தன. தொலைந்ததும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும், "போகவில்லையா? இதோ மறுபடியும்" என்று திரும்பத் திரும்ப அனுப்பியது. நெருக்கடி இன்னும் கூடியது. குறுகிய வாசலில் எல்லோரும் ஒரே சமயத்தில் முண்டினால் ஒருவரும் வெளியே போக முடியாதல்லவா? அதே கதைதான்.

வான் ஜேக்கப்சன் என்ற நிபுணர் இதற்கு மருந்து கண்டுபிடித்து 1988-இல் வெளியிட்டார். முதலில் கொஞ்சமாக அனுப்பு. பத்திரமாகச் சேர்ந்தால் கொஞ்சம் கூட்டு. துண்டு தொலைந்தால், "பாதையில் நெரிசல்" என்று தெரிந்து கொண்டு உன் வேகத்தைச் சட்டென்று பாதியாகக் குறை. பிறகு மெள்ள மெள்ள ஏறு. மருந்தின் சாரம் இவ்வளவுதான். அதிலிருந்து வளர்ந்த முறைகள்தான் இன்று உலகம் பூராவும் இணையத்தை முட்டுக்கட்டை விழாமல் நடத்துகின்றன. குன்றக்குடி அப்பத்தாவின் திரையில் பேரன் கட்டம் கட்டமாகத் தெரிந்ததும் இந்தக் கொள்கையின் வழியில் வந்ததே.

இதில் ரசிக்கத்தக்க விஷயம், மத்தியில் உட்கார்ந்து அதிகாரம் செய்யும் தலைவன் எவனும் இல்லை. ஒவ்வொரு யந்திரமும் தன் பங்கைத் தானே சுருக்கிக் கொள்கிறது. மற்றவனுக்கும் வழி வேண்டும் என்பது உள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. அதைச் சுருக்க மறுக்கும் ஒரு பேராசைக்கார மென்பொருள் நடுவே புகுந்தால், அது மற்றவர்களின் பங்கையும் சேர்த்து விழுங்கிவிடும்.

கண்மாய்க்காரர்களுக்குத் தெரியாததா?

செட்டிநாட்டுச் சீமைக்கு இது புதுப் பாடம் அல்ல. சிவகங்கை, ராமநாதபுரம் ஜில்லாக்கள் கண்மாய்களின் பூமி. வற்றாத நதி கிடையாது. பெய்கிற மழையைப் பிடித்து வைத்தால்தான் சாப்பாடு. ஒரு கண்மாய் நிறைந்தால் அடுத்த கண்மாய்க்கு, அது நிறைந்தால் அதற்கடுத்ததற்கு என்று சங்கிலி போட்டு வைத்தார்கள் முன்னோர்.

ஒவ்வொரு கண்மாய்க்கும் மடை உண்டு, கலுங்கு உண்டு. மடை என்பது வயலுக்குத் தண்ணீர் விடும் வாசல். அதைத் திறக்கவும் அடைக்கவும் ஆள் வேண்டும். அவர் நீர்பாய்ச்சி. கலுங்கோ ஆள் இல்லாமலே வேலை செய்கிறது. கரையைவிடத் தாழ்வாகக் கட்டிய கற்சுவர் அது. தண்ணீர் அந்த மட்டத்தைத் தாண்டியதும் தானே வழிந்து வெளியேறும். நள்ளிரவில் மழை கொட்டினாலும், ஊர் தூங்கிக் கொண்டிருந்தாலும், கரை உடையாது. திருகாணி இல்லை, சக்கரம் இல்லை, மின்சாரம் இல்லை. நிலைமைக்குத் தக்கபடி தானே நடந்து கொள்ளும் யந்திரம் என்றால் இதைவிடச் சிறந்த உதாரணம் எது?

சரி, கலுங்கின் உயரத்தைத் தீர்மானித்தது யார்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஓர் அடி உயர்த்தினால் கண்மாயில் தண்ணீர் அதிகம் நிற்கும். ஆயக்கட்டுக்காரருக்குச் சந்தோஷம். ஆனால் உள்வாயில் பயிர் வைத்தவன் வயல் மூழ்கும். கீழே உள்ள கண்மாய்க்காரனுக்குத் தண்ணீர் வருவது தாமதமாகும். கரை பலவீனமாக இருந்தால் உடைந்தே போகும். ஆகவேதான் கலுங்கின் மேல் வரிசையாகக் கல் நட்டு, மழைக் காலம் முடிகிற சமயத்தில் அந்தக் கற்களுக்கு நடுவே பலகை வைத்து, மண் அணைத்து, கொஞ்சம் தண்ணீரை நிறுத்துவார்கள். அந்தப் பலகையை எவனாவது ராத்திரியோடு ராத்திரியாக வைத்து விட்டால் விடிந்ததும் அடிதடிதான்! கண்மாய்த் தகராறு போலீஸ், கோர்ட் வரை போன கதைகள் இந்தப் பக்கத்தில் கொஞ்சமா?

தண்ணீர் தானே வழியலாம். கலுங்கு தானே உயரக் கூடாது. உயர்த்துவதென்றால் மேல் ஊரானும் கீழ் ஊரானும் சேர்ந்து பேச வேண்டும்.

இப்போது வருகிற மென்பொருள்களில் சில, தண்ணீரை வழிய விடுவதோடு நிற்பதில்லை. கலுங்கின் உயரத்தையும் தாமே மாற்றிக் கொள்ளப் பார்க்கின்றன.

நிற்க. கம்ப்யூட்டர் உலகத்தில் இந்த யோசனைக்கு ஒரு பெயர் வைத்துப் பெரிதாகக் கொடி பிடித்தது ஐ.பி.எம். கம்பெனி. 2001-ஆம் வருஷம் அக்டோபரில் அதன் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் பால் ஹார்ன் ஓர் அறிக்கை வெளியிட்டார். மனிதன் ஓடினால் இதயம் தானே வேகமாக அடிக்கிறது. வெயிலில் நின்றால் தானே வேர்க்கிறது. "இதயமே, துரிதமாக அடி" என்று எவரும் உத்தரவு போடுவதில்லை. கம்ப்யூட்டர்களும் அவ்விதமே தம்மைத் தாமே பராமரித்துக் கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். கண்காணி, ஆராய், திட்டமிடு, செய் என்று நான்கு வேலைகள் ஒரு வட்டமாகச் சுற்றிச் சுற்றி வரும். நடுவே, பட்டறிவை எழுதி வைக்கும் ஓர் ஏடு.

உவமை அழகானதுதான். ஆனால் உடம்பின் உஷ்ணம் 98.4 டிகிரியைச் சுற்றி நிற்க வேண்டும் என்ற வரம்பு உடம்புக்கு இயற்கையாக அமைந்தது. கம்ப்யூட்டருக்கு அந்த வரம்பை மனிதன்தான் எழுதியாக வேண்டும். தப்பாக எழுதினால்?

நிலவில் கற்ற பாடம்

அதற்கு விலை கொடுத்தது நமது தேசமே. 2019 செப்டம்பர் 7-ஆம் தேதி நள்ளிரவு கடந்த நேரம். சந்திரயான்-2 கொண்டு போன விக்ரம் இறங்குகலம் சந்திரனை நோக்கித் தாழ்ந்து வந்தது. கன்னியாகுமரி ஜில்லாவில் பிறந்த கே. சிவன் அப்போது இஸ்ரோ தலைவர். தேசமே கண் விழித்துப் பார்த்துக் கொண்டிருந்தது. கடைசிக் கட்டத்தில் தொடர்பு அறுந்தது. கலம் தரையில் மோதி நொறுங்கியது.

இறங்கும்போது பூமியிலிருந்து கையால் ஓட்ட முடியாது. சந்திரனுக்கும் பூமிக்கும் சமிக்ஞை போய்த் திரும்ப ஏறக்குறைய இரண்டரை வினாடி ஆகும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே எஞ்சினைக் குறைப்பதும் கூட்டுவதும் திரும்புவதும் கலத்தின் மென்பொருளே செய்ய வேண்டும்.

தோல்விக்குக் காரணம் என்ன என்பதைப் பின்னர் இஸ்ரோ தலைவராக இருந்த எஸ். சோமநாத் 2023-இல் ஒளிக்காமல் விளக்கினார். அதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தள்ளின. அதனால் பிழைகள் சேர்ந்து கொண்டே போயின. அந்தப் பிழையைத் திருத்தக் கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. ஆனால் இவ்வளவு வேகமாகத் திரும்ப நேரிடும் என்று எவரும் நினைக்காததால், மென்பொருளில் அதற்கு ஒரு தடை எழுதப்பட்டிருந்தது. இறங்க வேண்டிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்ற சின்னஞ்சிறு சதுரம். தரை நெருங்கிவிட்டது, வேகம் குறைய வேண்டும். கலமோ அந்தச் சதுரத்தைப் பிடித்தே தீருவதென்று வேகத்தைக் கூட்டிக் கொண்டு போயிற்று!

பாவம், அந்த யந்திரம் தனக்குச் சொன்னதைச் செய்தது. "பத்திரமாக இறங்கு" என்பதோடு "அந்த இடத்தில்தான் இறங்கு" என்பதையும் மாற்றக் கூடாத வரம்பாக வைத்திருந்தார்கள். இரண்டும் மோதிய போது எதை விடுவது என்று அதற்குத் தெரியவில்லை.

சந்திரயான்-3-இல் என்ன செய்தார்கள்? இறங்கும் இடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள். அதற்குள் எங்கே சமதளமாக இருக்கிறதோ அங்கே இறங்கலாம். எரிபொருள் அதிகம் கொடுத்தார்கள். கால்களைப் பலப்படுத்தினார்கள். வேகத்தை அளக்க லேசர்க் கருவி ஒன்று சேர்த்தார்கள். எதெது தவறலாம் என்று முன்கூட்டியே பட்டியல் போட்டு, அது தவறினாலும் கலம் எப்படித் தப்பும் என்று திட்டமிட்டார்கள். விழுப்புரத்துக்காரரான ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநர். 2023 ஆகஸ்டு 23-ஆம் தேதி மாலை 6 மணி 4 நிமிஷத்துக்கு விக்ரம் நிலவின் தென் துருவப் பக்கத்தில் பூப்போல இறங்கியது.

(நாமக்கல் ஜில்லா சித்தம்பூண்டிப் பாறையைப் பொடி செய்துதான் நிலவின் மண்ணைப் போலத் தயாரித்து ஒத்திகை பார்த்தார்கள் என்பது தமிழர்கள் மார்தட்டிக் கொள்ளத்தக்க உபரிச் செய்தி!)

யந்திரத்துக்கு மாறும் சுதந்திரம் கொடுத்ததால் மட்டும் வெற்றி வரவில்லை. மாறக் கூடாதது எது என்பதை மனிதர்கள் திருத்தி எழுதியதால் வந்தது.

பொய் சொன்ன கருவி

நிலவில் நொறுங்கியது ஆளில்லாத கலம். பூமியில் ஆட்கள் இறந்தார்கள். 2018 அக்டோபர் 29-ஆம் தேதி இந்தோனேஷியாவின் லயன் ஏர் விமானம் கடலில் விழுந்தது. 189 பேர் மாண்டார்கள். 2019 மார்ச் 10-ஆம் தேதி எத்தியோப்பிய விமானம் விழுந்தது, 157 பேர். இரண்டும் போயிங் 737 மாக்ஸ் ரகம்.

இவற்றில் ஒரு சிறிய மென்பொருள் இருந்தது. விமானத்தின் மூக்கு அளவுக்கு மேல் தூக்கினால் அதுவே மூக்கை இறக்கும். யோசனை தப்பில்லை. ஆனால் மூக்கு தூக்கியிருக்கிறது என்று அதற்குச் சொன்னது ஒரே ஒரு கருவி. அந்தக் கருவி தப்பாகச் சொன்னது. மென்பொருள் நம்பியது. மூக்கை இறக்கியது. விமானி தூக்கினார், அது மீண்டும் இறக்கியது. அவர் மீண்டும் தூக்கினார். அது மீண்டும் இறக்கியது. இப்படி ஒரு மென்பொருள் விமானத்தில் இருக்கிறது என்பதே முதல் விபத்துக்கு முன் விமானிகளின் கையேட்டில் விளக்கப்படவில்லை!

இரண்டாவது விபத்துக்குப் பிறகு உலகம் பூராவும் அந்த ரக விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டன. மாற்றங்கள் செய்யப்பட்டன. ஒன்றுக்குப் பதில் இரண்டு கருவிகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு தடவைக்கு மேல் பிடிவாதம் பிடிக்கக் கூடாது. விமானியின் கைப்பலத்தை அது மீறக் கூடாது. இம்மூன்றையும் முதலிலேயே செய்திருந்தால் 346 உயிர்கள் போயிருக்குமா?

உண்மை எப்படித் தெரிய வந்தது? இரண்டு விமானங்களிலும் இருந்த பதிவுக் கருவியினால். கறுப்புப் பெட்டி என்கிறோம். நிறம் என்னவோ ஆரஞ்சுதான். யந்திரம் எந்த வினாடியில் எதைச் செய்தது என்று அதில் எழுதியிருந்தது. அந்த ஏடு இல்லாவிட்டால் செத்துப் போன விமானிகள் தலையில் பழியைப் போட்டு விட்டு உலகம் அடுத்த வேலையைப் பார்த்திருக்கும்.

கூட்டம் கூடினால்...

மறுபடியும் ஊருக்கு வருவோம். பொங்கல் வந்தால் சென்னையில் இருக்கும் காரைக்குடி, குன்றக்குடி, திருப்பத்தூர்க்காரர்கள் எல்லோரும் ஒரே நாளில் ஊருக்குக் கிளம்புவார்கள். அன்று நிலைமை மாறி விட்டது என்பது எல்லோருக்கும் தெரிகிறது. சர்க்கார் போக்குவரத்துக் கழகம் என்ன செய்கிறது? ஸ்பெஷல் பஸ் விடுகிறது. தனியார் பஸ்களில் சில என்ன செய்கின்றன? கட்டணத்தை ஏற்றுகின்றன. கூட்டம் ஒன்றுதான். ஒருவர் பஸ்ஸைக் கூட்டினார். ஒருவர் விலையைக் கூட்டினார். இருவருமே நிலைமைக்குத் தக்கபடி மாறிக் கொண்டவர்களே!

விமானக் கட்டணத்தையும் வாடகைக் கார்க் கட்டணத்தையும் இப்படி நிமிஷத்துக்கு நிமிஷம் ஏற்றி இறக்குவது இன்று மென்பொருளின் வேலை. 2014 டிசம்பர் 15-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர மத்தியில் ஒரு காப்பிக் கடையில் துப்பாக்கிக்காரன் ஒருவன் ஜனங்களைப் பிணையாகப் பிடித்து வைத்தான். சுற்றுவட்டாரத்தில் இருந்தவர்கள் உயிர் பிழைத்தால் போதுமென்று கார் தேடினார்கள். ஊபர் கம்பெனியின் மென்பொருள் பார்த்தது. "ஓஹோ, கேட்பவர்கள் அதிகம், கார் குறைவு!" கட்டணத்தை நாலு மடங்காக ஏற்றிவிட்டது. கண்டனம் கிளம்பிய பிறகு கம்பெனி இலவசமாக ஏற்றிச் சென்றது; வாங்கிய பணத்தையும் திருப்பிக் கொடுத்தது.

அந்த மென்பொருள் கெட்ட எண்ணம் கொண்டதா? இல்லை. அதற்குக் கூட்டம் தெரிந்தது; பயம் தெரியவில்லை. துப்பாக்கி தெரியவில்லை. "ஆபத்துக் காலத்தில் விலையை ஏற்றாதே" என்று முன்கூட்டி எவரும் கலுங்கு கட்டவில்லை.

இந்திய ரயில்வேயும் 2016 செப்டம்பரில் ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில் இடம் நிரம்ப நிரம்பக் கட்டணம் ஏறும் முறையைக் கொண்டு வந்தது. பத்தில் ஒரு பங்கு இடம் விற்றால் பத்து சதவிகிதம் ஏறும். ஒன்றரை மடங்குக்கு மேல் போகாது என்று அப்போது வைத்தார்கள். அது நியாயமா என்று அப்போதே சண்டை நடந்தது. நடக்கட்டும். குறைந்தபட்சம் அந்த விதி வெளியே எழுதப்பட்டது. உச்சவரம்பு இன்னதென்று ஜனங்களுக்குத் தெரிந்தது; அதனால்தான் சண்டை போடவும் முடிந்தது. தெரியாத விதியோடு எவன் சண்டை போடுவான்?

சோற்றுப் பொட்டலம் சுமக்கும் பையன்களின் நிலைமை அதுதான். இந்தக் கிழக்குச் சீமையிலிருந்து பட்டணம் போன வாலிபர்கள் எத்தனையோ பேர் மோட்டார் சைக்கிளில் இந்த வேலை செய்கிறார்கள். எந்த ஆர்டர் யாருக்கு, எவ்வளவு கூலி, எவ்வளவு ஊக்கத் தொகை என்பதை முடிவு செய்வது மென்பொருள். நேற்று ஒரு கணக்கு, இன்று ஒரு கணக்கு. "ஏன் குறைந்தது?" என்று கேட்க அவனுக்கு மேஸ்திரி இல்லை. பழைய மேஸ்திரி திட்டுவார், அதட்டுவார். ஆனாலும் எதிரே நிற்பார். தமிழ்நாடு சர்க்கார் 2023-இல் இந்தத் தொழிலாளிகளுக்கு நலவாரியம் அமைத்தது. நல்ல காரியம். கர்நாடகம் 2025-இல் இயற்றிய சட்டமோ ஒரு படி மேலே போய், கூலியையும் வேலையையும் தானாகத் தீர்மானிக்கும் மென்பொருளைப் பற்றித் தொழிலாளிக்கு விளக்க வேண்டும் என்கிறது. இங்கும் அதைக் கேட்பதில் தவறென்ன?

விஞ்ஞானியும் ஊராரும்

"இதெல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்கள் சமாசாரம், கிராமத்து ஜனங்களுக்கு என்ன தெரியும்?" என்று சிலர் முகத்தைச் சுளிக்கலாம். அவர்களுக்குக் குன்றக்குடியே பதில் சொல்லும்.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிச் சாலை இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வரவழைத்த ஸ்தாபனம். 1948-இல் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1953-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அங்குள்ள விஞ்ஞானிகளைக் குன்றக்குடிக்கு அழைத்து, ஊராரோடு சேர்ந்து திட்டம் போட வைத்தவர் குன்றக்குடி அடிகளார் (1925-1995). மடத்தின் தலைவர் அவர். காவி உடுத்தியவர் விஞ்ஞானத்தைக் கண்டு ஒதுங்கவில்லை. விஞ்ஞானத்திடம் ஊரை ஒப்படைத்துவிட்டு மடத்துக்குள் போய் உட்காரவும் இல்லை. அந்தத் திட்டம் "குன்றக்குடி மாதிரி" என்று டில்லி வரை பேசப்பட்டது.

மின்வேதியியல் படித்தவர்களுக்கும் உழுகிறவர்களுக்கும் பொதுப் பேச்சு உண்டாக முடிந்ததென்றால், மென்பொருள் எழுதுபவர்களுக்கும் அதற்கு ஆளாகிறவர்களுக்கும் உண்டாக முடியாதா? யந்திரத்துக்குள் நடக்கும் கணக்கெல்லாம் ஜனங்களுக்குப் புரிய வேண்டியதில்லை. கலுங்குச் சுவரின் சுண்ணாம்புக் கலவை விகிதம் ஆயக்கட்டுக்காரனுக்குத் தெரியாது. உயரம் தெரியும். அந்த உயரத்தால் தனக்கு என்ன ஆகும் என்பது நன்றாகவே தெரியும்!

மென்பொருள் நிபுணர்கள் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. அதை ஒதுக்க முடியாது. "இவை அனுபவத்தால் கற்றுக் கற்று மாறுபவை. நேற்றிருந்தது இன்றில்லை. ஏன் அப்படிச் செய்தது என்று எழுதியவர்களுக்கே சில சமயம் சொல்லத் தெரியாது" என்கிறார்கள். வாஸ்தவம். ஆனால் இது பொறுப்பிலிருந்து விடுபட வழியா, பொறுப்பு அதிகமாவதற்குக் காரணமா? வீட்டு நாய் எப்போது கடிக்கும் என்று தெரியாது என்பவன் நாயைக் கட்டிப் போட வேண்டுமே தவிர, அவிழ்த்து விட்டுவிட்டுக் கையை விரிக்கலாமா?

"வரம்பு கட்டினால் விஞ்ஞானம் வளராது" என்பது இன்னொரு கூச்சல். சந்திரயானை நினைத்துப் பார்த்தால் இந்தக் கூச்சல் அடங்கும்.

ஐரோப்பிய நாடுகள் 2024-இல் செயற்கை அறிவுச் சட்டம் ஒன்றை இயற்றின. ஆபத்து அதிகமுள்ள மென்பொருள் என்ன செய்தது என்பதற்குப் பதிவு இருக்க வேண்டும், மனிதன் மேற்பார்வை செய்யவும் நிறுத்தவும் வழி இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. படிப்படியாக அமலாகும்படி வைத்திருக்கிறார்கள். அங்கே கம்பெனிகள் முணுமுணுக்கின்றன. முணுமுணுக்கட்டும்.

நம் நாட்டில் முதலில் கேட்க வேண்டியது சர்க்காரிடமே. ஜனங்களின் பணத்திலும் பிழைப்பிலும் கை வைக்கும் எந்த மென்பொருளானாலும் சரி, சர்க்கார் ஆபீசில் இருந்தாலும் சரி, தனியாரிடம் இருந்தாலும் சரி, அது எதை மாற்றும், எதை மாற்றாது என்பதைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி ஒட்ட வேண்டும். விமானப் பெட்டி போல ஒரு பதிவு அதற்கும் வேண்டும். தப்பு நடந்தால் பதில் சொல்ல, பெயரும் முகமும் உள்ள ஒரு மனிதர் வேண்டும். நிறுத்துகிற கை அவருடையதாக இருக்க வேண்டும். நீர்பாய்ச்சியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மடையை யந்திரத்திடம் கொடுப்பது பிற்பாடு ஆகட்டும்.

தைப்பூசம் வந்தால் நகரத்தார் காவடிகள் பல ஊர்களிலிருந்தும் குன்றக்குடியில் வந்து சேரும். இங்கிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடை. நாட்கணக்கில் நடக்கிறார்கள். வெயில் ஏறினால் நிழலில் தங்குகிறார்கள். கால் கொப்பளித்தால் வேகத்தைக் குறைக்கிறார்கள். விடியற்காலைக் குளிர்ச்சியில் எட்டிப் போடுகிறார்கள். ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு மாதிரி. பழனி மட்டும் மாறுவதில்லை.

அந்த நடைக்கு வந்து சேரப் பட்டணத்திலிருந்து கிளம்புகிறவர்கள் முதல் வாரமே டிக்கட் தேடி உட்காருவார்கள். திரையில் ஒரு கட்டணம் தெரியும். வீட்டில் யாரையாவது கேட்டுவிட்டு வந்து பார்த்தால் வேறு கட்டணம். என்ன மாறியது, யார் மாற்றியது? அதைக் கேட்பதற்கு அந்தத் திரையில் எந்த மூலையிலும் இடம் வைத்திருக்க மாட்டார்கள்.